கன்ட்ரோல் டவரே இல்லாத விமான நிலையம்... விமானங்கள் நடுவானில் மோதாமல் இறங்குவது எப்படி?

2022 ஆகஸ்ட் 18. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் உள்ள வாட்சன்வில் என்ற சிறிய ஊர். மதியம் 3 மணி ஆக இன்னும் சில நிமிடங்களே இருந்தன. அங்குள்ள விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் ஒரே ரன்வேயில் இறங்க வந்துகொண்டிருந்தன.

ஒன்று, செஸ்னா 152. இரண்டே பேர் உட்காரக்கூடிய, ஒற்றை இன்ஜின் விமானம். அதில் பைலட் மட்டும் தனியாக இருந்தார். இன்னொன்று, செஸ்னா 340. இரட்டை இன்ஜின் கொண்ட, அதைவிட வேகமான விமானம். அதில் இரண்டு பேர், கூடவே ஒரு நாய்.

இருவருமே ரேடியோவில் பேசினார்கள். 340-ன் பைலட் 10 மைல் தூரத்திலேயே, "நேராக ரன்வேக்கு வருகிறேன்" என்று தகவல் சொன்னார். 3 மைலில் இன்னொரு முறை சொன்னார். 152-ன் பைலட்டும் தான் எங்கே திரும்புகிறேன், எங்கே இருக்கிறேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் தனக்குப் பின்னால் அந்தப் பெரிய விமானம் படுவேகமாக வருவதைப் பார்த்து, இறங்காமல் மேலே போய்விடுகிறேன் என்றும் சொன்னார்.

அடுத்த சில விநாடிகளில் இரண்டும் மோதின. மூன்று பேரும் உயிரிழந்தனர். நாயும் பிழைக்கவில்லை.

இருவரும் பேசியும் எப்படி மோதின? அதைவிட முக்கியமான கேள்வி, அந்த விமான நிலையத்தில் இவர்களைப் பிரித்து அனுப்ப யாருமே இல்லையா?

இல்லை. வாட்சன்வில்லில் கன்ட்ரோல் டவர் கிடையாது. அது விதிமீறலும் இல்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சிறு விமான நிலையங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

டவர் இல்லாமல் ஒரு விமான நிலையமா?

விமான நிலையம் என்றாலே நமக்கு மீனம்பாக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். உயரமான டவர், உள்ளே ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்கள், "நீ முதல்ல இறங்கு, நீ காத்திரு" என்று சொல்ல ஓர் ஆள்.

ஆனால் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் சுமார் 5,000 இருக்கின்றன. அவற்றில் கன்ட்ரோல் டவர் உள்ளவை சுமார் 500 மட்டுமே. அதாவது பத்தில் ஒன்று. மீதி ஒன்பதிலும் பைலட்களே தங்களுக்குள் பேசி, பார்த்து, விலகி, இறங்கிக்கொள்ள வேண்டும். கனடா, ஆஸ்திரேலியாவிலும் இப்படிப்பட்ட நிலையங்கள் ஏராளம்.

இங்கே வருவதெல்லாம் பெரும்பாலும் சிறிய விமானங்கள். பயிற்சி விமானங்கள், சொந்த விமானம் வைத்திருப்பவர்கள், வயலுக்கு மருந்து தெளிப்பவை, கிளைடர்கள், பாராசூட்டில் குதிப்பவர்களை ஏற்றிச் செல்பவை. சில இடங்களில் சிறிய பயணிகள் விமானங்களும் வரும்.

நம்ம ஊர் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் டிராஃபிக் போலீஸ் நிற்க மாட்டார். ஆனால் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கணும், ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடணும் என்ற வழக்கம் இருக்கிறது. எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கும்வரை பிரச்னை இல்லை. டவர் இல்லாத விமான நிலையமும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம், விமானத்தை ஓரங்கட்டி நிறுத்த முடியாது.

வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம்

மோதலைத் தவிர்க்கும் முதல் ஏற்பாடு ரேடியோ இல்லை. பாதை.

ரன்வேயை ஒட்டி வானத்தில் ஒரு செவ்வகம் வரைந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதற்கு டிராஃபிக் பேட்டர்ன் என்று பெயர். இறங்க வரும் விமானங்கள் எல்லாம் இந்தச் செவ்வகத்தின் ஓரமாகவே ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர் உண்டு.

* கிராஸ்விண்ட்: கிளம்பி மேலேறிய விமானம் முதலில் திரும்பும் பக்கம். ரன்வேக்குக் குறுக்காகப் போகும்.
* டவுன்விண்ட்: ரன்வேக்கு இணையாக, ஆனால் இறங்கும் திசைக்கு நேர் எதிராகப் போகும் நீண்ட பக்கம்.
* பேஸ்: மறுபடி ரன்வே பக்கமாகத் திரும்பும் குட்டைப் பக்கம்.
* ஃபைனல்: ரன்வேக்கு நேராக வந்து இறங்கும் கடைசிக் கட்டம்.

திருப்பங்கள் எல்லாம் இடது பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பொது விதி. பைலட் இடது இருக்கையில் உட்கார்ந்திருப்பார், இடது பக்கம் திரும்பினால் ரன்வே அவர் கண்ணிலேயே இருக்கும். மலையோ ஊரோ குறுக்கே இருந்தால் வலது பக்கத் திருப்பம் என்று முன்கூட்டியே அறிவித்திருப்பார்கள்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. சாதாரண புரொப்பெல்லர் விமானங்கள் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் இந்தச் செவ்வகத்தைச் சுற்ற வேண்டும். டர்பைன் இன்ஜின் கொண்ட வேகமான விமானங்களுக்கு 1,500 அடி. வெளியிலிருந்து வருபவர்கள் டவுன்விண்ட் பக்கத்தின் நடுப்பகுதியை நோக்கி 45 டிகிரி சாய்வில் வந்து சேர வேண்டும் என்பது பரிந்துரை. ஹைவேயில் சர்வீஸ் ரோட்டிலிருந்து வந்து கலப்பது மாதிரி.

இதில் என்ன லாபம்? வானம் எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கிறது. அதில் ஒரு சிறிய விமானத்தைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுவதுதான். எல்லோரும் ஒரே பாதையில் ஒரே உயரத்தில் வந்தால், தேட வேண்டிய இடம் குறைகிறது. "டவுன்விண்டில் இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னதும் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மற்றவருக்குத் தெரிந்துவிடும்.

எந்தத் திசையில் இறங்குவது என்பதைக் காற்று முடிவு செய்யும். காற்றை எதிர்த்து இறங்கினால்தான் குறைந்த வேகத்தில் தரையைத் தொட முடியும். அதற்காகத்தான் ரன்வே பக்கத்தில் காற்றுத் திசை காட்டும் துணிக்கூண்டு பறந்துகொண்டிருக்கும்.

ரேடியோவில் யாரிடம் பேசுவார்கள்?

டவர் இல்லை என்றால் ரேடியோவில் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் பைலட்கள் கேள்வி கேட்பதில்லை, அறிவிக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பொது அலைவரிசை உண்டு. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் எல்லோரும் அதில்தான் காதை வைத்திருக்க வேண்டும்.

ஓர் அறிவிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

"வாட்சன்வில் டிராஃபிக், செஸ்னா 152, லெஃப்ட் டவுன்விண்ட், ரன்வே 20, வாட்சன்வில்."

ஊர்ப் பெயர் எதற்கு இரண்டு முறை என்று தோன்றும். பல விமான நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. 122.8 மெகாஹெர்ட்ஸ் போன்ற சில எண்களைப் பல ஊர்கள் பயன்படுத்துகின்றன. மேலே பறக்கும்போது தூரத்து ஊர்ப் பேச்சும் காதில் விழும். முதலில் சொன்ன பெயரைத் தவறவிட்டவருக்குக் கடைசியிலாவது கேட்கட்டும் என்பதற்காகத்தான் அது.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, இறங்க வருபவர்கள் சுமார் 10 மைல் தூரத்திலிருந்தே அறிவிக்கத் தொடங்க வேண்டும் என்கிறது. பிறகு செவ்வகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அறிவிப்பு. ரன்வேயை விட்டு விலகியதும் கடைசியாக ஒன்று.

சொல்லக்கூடாத ஒரு வாக்கியமும் இருக்கிறது. "இந்த ஏரியாவில் யாராவது இருந்தால் சொல்லுங்க" என்று சில பைலட்கள் பொதுவாகக் கேட்பார்கள். எந்தச் சூழ்நிலையிலும் அப்படிக் கேட்காதீர்கள் என்கிறது எஃப்ஏஏ. ஏற்கெனவே அறிவித்தவர்களை எல்லாம் மறுபடி பேச வைத்து அலைவரிசையை அடைப்பதுதான் மிச்சம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் சொன்னதும் யாருக்கும் புரியாது, வெறும் கிரீச் சத்தம்தான் வரும்.

"சொன்னேனே!" என்பது போதாது

முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. ரேடியோவில் சொல்வது வேறு, கேட்டவர் மனதில் சரியான படம் விழுவது வேறு.

வாட்சன்வில் விபத்தையே எடுத்துக்கொள்வோம். 340-ன் பைலட், "3 மைலில் நேராக வருகிறேன்" என்றார். விமானத்துறையில் மைல் என்றால் பொதுவாகக் கடல் மைல், சுமார் 1.85 கி.மீ. அப்போது அந்த விமானத்தின் வேகம் சுமார் 180 நாட். மணிக்கு 330 கி.மீ.க்கு மேல். இறங்க வரும் நேரத்துக்கு இது மிக அதிகம்.

ஒரு கணக்குப் போடுவோம். செஸ்னா 152 இறங்கும்போது சுமார் 65 நாட் வேகத்தில் வரும். அந்த வேகத்தில் 3 மைலைக் கடக்க ஏறக்குறைய இரண்டே முக்கால் நிமிடம் ஆகும். 180 நாட்டில் வந்தால்? சரியாக ஒரே நிமிடம்.

தினமும் 152 ஓட்டும் ஒருவர் காதில் "3 மைல்" என்று விழுந்தால், "நமக்கு நேரம் இருக்கு, அதுக்குள்ள இறங்கிடலாம்" என்று கணக்குப் போடுவது இயல்பு. அந்தப் பைலட்டின் மனதில் என்ன ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மைலை மட்டும் சொல்லி வேகத்தைச் சொல்லாத அறிவிப்பு எவ்வளவு பெரிய பள்ளத்தை விட்டுவைக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

விபத்தை விசாரித்த அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், நேராக இறங்க வந்த இரட்டை இன்ஜின் விமானத்தின் பைலட், முன்னால் இருந்த சிறிய விமானத்தைப் பார்த்து விலகத் தவறியதே காரணம் என்று முடிவு செய்தது.

செவ்வகத்தைச் சுற்றாமல் தூரத்திலிருந்து நேராக வந்து இறங்குவது, அமெரிக்காவில் தடை செய்யப்பட்டதல்ல. ஆனால் அப்படி வருபவருக்குத் தனி முன்னுரிமை எதுவும் கிடையாது, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர்களோடு பேசி ஒத்துப்போக வேண்டியது அவர் பொறுப்பு என்று எஃப்ஏஏ வழிகாட்டுதல் சொல்கிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் குறுக்கே வந்து டிக்கெட் வாங்கக்கூடாது என்ற அதே நியாயம்தான்.

யார் பதில் சொன்னது? 14 உயிர்களைப் பறித்த குழப்பம்

ரேடியோ எப்படி ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு உதாரணம், 1996 நவம்பர் 19-ல் இலினாய் மாகாணத்தின் குவின்சி விமான நிலையத்தில் நடந்தது. இது நடுவானில் அல்ல, தரையில் நடந்த மோதல். ஆனால் பாடம் ஒன்றுதான்.

யுனைடெட் எக்ஸ்பிரஸ் 5925 என்ற சிறிய பயணிகள் விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. குறுக்கே வெட்டிச் செல்லும் இன்னொரு ரன்வேயின் முனையில் கிங் ஏர் என்ற விமானம் கிளம்பத் தயாராக நின்றது. அதற்குப் பின்னால் வரிசையில் செரோக்கி என்ற சிறிய விமானம்.

இறங்க வந்தவர்கள், "அந்த ரன்வேயில் இருக்கும் விமானம் காத்திருக்குமா, கிளம்பப்போகிறதா?" என்று ரேடியோவில் கேட்டார்கள். கிங் ஏர் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற செரோக்கியின் பைலட், தான் காத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பதிலின் ஒரு பகுதி, இறங்கும் விமானத்துக்குள் ஒலித்த தானியங்கி எச்சரிக்கைக் குரலில் அமுங்கிப்போனது. கேட்டவர்கள், கிங் ஏர்தான் காத்திருக்கிறது என்று நம்பி இறங்கினார்கள். கிங் ஏர் கிளம்பியது. இரண்டு ரன்வேக்களும் சந்திக்கும் இடத்தில் மோதல். இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் பலியானார்கள்.

கிங் ஏரில் இருந்தவர்கள் பொது அலைவரிசையைச் சரியாகக் கவனிக்கவில்லை, சுற்றிலும் சரியாகப் பார்க்கவும் இல்லை என்பது விசாரணையின் முடிவு. செரோக்கி பைலட்டின் பதில் உண்டாக்கிய தவறான எண்ணமும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது.

அடுத்தவருக்கான கேள்விக்கு நாம் பதில் சொல்லக்கூடாது. பதில் வந்ததும், அது யாரிடமிருந்து வந்தது என்று உறுதி செய்யாமல் நம்பவும் கூடாது.

கண்ணால் பார்த்தால் போதாதா?

"ரேடியோ கிடக்கட்டும், ஜன்னல் வழியா பார்த்தா தெரியாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வானிலை தெளிவாக இருக்கும்போது மற்ற விமானங்களைப் பார்த்து விலகுவது ஒவ்வொரு பைலட்டின் கடமை. பிரச்னை என்னவென்றால், நம் கண் இந்த வேலைக்காக உருவானதல்ல.

முதல் சிக்கல், நேரம். எதிரில் ஒரு விமானத்தைப் பார்த்து, அது மோத வருகிறது என்று புரிந்து, கையை அசைத்து, விமானம் திரும்பும் வரைக்கும் சுமார் 12.5 விநாடி ஆகும் என்று எஃப்ஏஏ கணக்கிடுகிறது. இரண்டு விமானங்கள் தலா 120 நாட் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், அந்த நேரத்தில் இரண்டுக்கும் இடையே சுமார் ஒன்றரை கி.மீ. தூரம் காணாமல் போயிருக்கும். அதாவது ஒன்றரை கி.மீ. தொலைவிலேயே பார்த்துவிட வேண்டும். செஸ்னா 152-ன் இறக்கை நீளம் 10 மீட்டர்தான். கையை நீட்டி உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள். அந்தத் தூரத்தில் முழு விமானமும் அந்த நகத்தின் பாதி அகலம்கூட இருக்காது. அதுவும் மெல்லிய ஒரு கோடாகத்தான் தெரியும்.

இரண்டாவது, நகராத புள்ளி. நம் கண் அசையும் பொருளைச் சட்டென்று பிடிக்கும். ஆனால் உங்கள் மீது மோத வரும் விமானம் கண்ணாடியில் நகரவே நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக இருக்கும். கடைசிச் சில விநாடிகளில்தான் திடீரென்று பெரிதாகும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சி என்று நினைக்கும் அளவுக்கு அமைதியாக இருப்பதுதான் இதில் பயங்கரம்.

மூன்றாவது, மறைக்கும் இறக்கைகள். செஸ்னாவுக்கு இறக்கை தலைக்கு மேலே. கீழே நன்றாகத் தெரியும், மேலே தெரியாது. பைப்பர் செரோக்கி போன்றவற்றுக்கு இறக்கை காலுக்குக் கீழே. மேலே தெரியும், கீழே தெரியாது. செஸ்னா கீழேயும் பைப்பர் மேலேயும் ஒரே ஃபைனலில் இறங்கினால்? இருவருக்கும் இருவரும் தெரியாமலேயே ஒருவர் தலைமேல் ஒருவர் இறங்க முடியும்.

நான்காவது, வெறும் வானம். பார்ப்பதற்கு எதுவும் இல்லாத நீல வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், கண் தானாகவே சில மீட்டர் தூரத்துக்குக் குவிந்துவிடும். தொலைவில் இருப்பது மங்கலாகும், பைலட்டுக்கு அது தெரியாது.

இதற்காகத்தான் பைலட்களுக்குப் பார்ப்பதையே ஒரு பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். வானத்தை 10 டிகிரி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு விநாடி கண்ணை நிறுத்த வேண்டும். சும்மா தலையை ஓட்டினால் பார்த்த மாதிரி இருக்கும், எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

இன்னொரு ஆச்சரியம். நடுவான் மோதல்களில் பெரும்பாலானவை இருட்டிலோ மேகத்திலோ நடப்பதில்லை. நல்ல வெயில் அடிக்கும் பகலில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கின்றன. வானிலை நன்றாக இருக்கும் நாளில்தான் எல்லோரும் பறக்கக் கிளம்புகிறார்கள்.

முன்னுரிமை யாருக்கு?

அமெரிக்க விதிகளின்படி சுருக்கமாக:

* ஃபைனலில் இருக்கும் விமானத்துக்கு, மற்ற விமானங்கள் வழிவிட வேண்டும்.
* இரண்டு விமானங்கள் இறங்க வந்தால், தாழ்வாக இருப்பதற்கு முன்னுரிமை. ஆனால் அதைச் சாக்காக வைத்து, ஃபைனலில் இருப்பவருக்கு முன்னால் குறுக்கே புகக்கூடாது.
* ஓவர்டேக் செய்பவர்தான் விலகிப் போக வேண்டும், அதுவும் வலது பக்கமாக.
* ஆபத்தில் இருக்கும் விமானத்துக்கு எல்லோரும் வழிவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் இறங்காமல் மேலேறிவிடுவது எப்போதும் கையில் இருக்கும் வழி. இதை கோ-அரவுண்ட் என்பார்கள். ஆனால் அதே கோட்டில் நேராக மேலேறினால், பின்னாலிருந்து வேகமாக வருபவரின் வழியிலேயே இருப்போம். அதனால் ரன்வேக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி ஏற வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள்.

மங்களூரில் நடந்தது... ஆனால் நம்ம மங்களூர் இல்லை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் ஒரு மங்களூர் இருக்கிறது. அங்கேயும் டவர் இல்லாத ஒரு விமான நிலையம் உண்டு. 2020 பிப்ரவரி 19-ல் அதன் அருகே இரண்டு இரட்டை இன்ஜின் விமானங்கள் சுமார் 4,100 அடி உயரத்தில் மோதின. இரண்டிலும் தலா இருவர். நால்வரும் இறந்தனர்.

இங்கே கவனிக்க வேண்டியது, தூரத்தில் இருந்த ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் இரு விமானங்களுக்கும் மற்றதைப் பற்றித் தகவல் சொல்லியிருந்தார். ஆனால் அது கட்டுப்பாடு இல்லாத வான்பகுதி. தகவல் சொல்வதோடு அவர் வேலை முடிந்தது, விலகுவது பைலட்களின் பொறுப்பு.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. இரண்டு விமானங்களிலும் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி இருந்தது. அடுத்த விமானத்தின் ஒலிபரப்பை வாங்கிக் காட்டும் கருவி இரண்டிலும் இல்லை. "நான் இங்கே இருக்கேன்" என்று இரண்டுமே கத்திக்கொண்டிருந்தன, கேட்கும் காது இரண்டுக்குமே இல்லை.

இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெயர் ஏடிஎஸ்-பி. விமானம் ஜிபிஎஸ் மூலம் தன் இடம், உயரம், வேகத்தைத் தெரிந்துகொண்டு, விநாடிக்கு ஒரு முறை வீதம் ஒலிபரப்பும். வாங்கும் கருவி இருந்தால், சுற்றியுள்ள விமானங்கள் பைலட்டின் டேப்லெட் திரையிலேயே தெரியும். வாட்சன்வில்லில் "3 மைல்" என்ற சொல்லில் இல்லாமல் போன வேகம், இதில் தெரியும்.

அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதி, 10,000 அடிக்கு மேல் என்று குறிப்பிட்ட வான்பகுதிகளில் ஒலிபரப்பும் கருவி கட்டாயம். ஆனால் டவர் இல்லாத பல சிறு நிலையங்கள் இந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. வாங்கும் கருவி யாருக்கும் கட்டாயமில்லை. கிளைடர், பழைய விமானம், மருந்து தெளிக்கும் விமானம் என்று ரேடியோவே இல்லாதவையும் அங்கே பறக்கலாம். திரையில் இல்லை என்பதால் வானத்தில் இல்லை என்று அர்த்தமாகாது. திரையையே பார்த்துக்கொண்டு ஜன்னலை மறப்பதும் ஆபத்து.

அப்போ எல்லா இடத்திலும் டவர் கட்டிவிடலாமே?

டவர் என்பது கட்டடம் மட்டுமல்ல. பயிற்சி பெற்ற கன்ட்ரோலர்கள் ஷிஃப்ட் முறையில் வேண்டும். நாளைக்குச் சில விமானங்கள் மட்டுமே வரும் ஊர்களுக்கு இது கட்டுப்படியாகாது. ஸ்வீடனில் 2015-ல் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் விமான நிலையத்தை, கேமராக்கள் வழியாக வேறு ஊரில் உட்கார்ந்தபடியே கட்டுப்படுத்தத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ரிமோட் டவர்கள் ஒரு வழி. ஆனால் ஆயிரக்கணக்கான நிலையங்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

டவர் இருந்தாலும் மோதலே நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2021 மே மாதம், அமெரிக்காவின் டென்வர் அருகே டவர் உள்ள சென்டினியல் விமான நிலையத்துக்கு இறங்க வந்த இரண்டு விமானங்கள் மோதின. ஒன்று விமானத்தோடு இணைந்த பாராசூட்டில் தரையிறங்கியது, இன்னொன்று உடம்பு கிழிந்த நிலையிலும் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. டவர் ஆபத்தைக் குறைக்கும், பைலட்டின் கண்ணுக்கு ஓய்வு தராது.

நமக்கு ஏன் இது தெரிந்திருக்க வேண்டும்?

இந்தியாவிலிருந்து பைலட் பயிற்சிக்காக அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போகும் இளைஞர்கள் நிறைய. அங்குள்ள பல பயிற்சிப் பள்ளிகள் டவர் இல்லாத நிலையங்களில் நடக்கின்றன, அல்லது பயிற்சிக்காக அங்கே போய் வருகின்றன. 2025 ஜூலை 8-ல் கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஸ்டெய்ன்பாக் அருகே இரண்டு பயிற்சி விமானங்கள் மோதின. டேக்-ஆஃப், லேண்டிங் பழகிக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் உயிரிழந்தனர். அதில் ஒருவர் இந்தியர்.

லட்சக்கணக்கில் பணம் கட்டி, கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் ஃபீஸ், விசா, எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்பதெல்லாம் கேட்கிறோம். சேருவதற்கு முன் இந்தக் கேள்விகளையும் கேட்கலாம்:

* பயிற்சி நடக்கும் விமான நிலையத்தில் டவர் உண்டா? எல்லா நேரமும் இயங்குமா? பல டவர்கள் இரவில் மூடப்படும், அப்போது அதுவும் டவர் இல்லாத நிலையம்தான்.
* பயிற்சி விமானங்களில் ஏடிஎஸ்-பி தகவலை வாங்கிக் காட்டும் வசதி இருக்கிறதா?
* ஒரே நேரத்தில் எத்தனை விமானங்கள் செவ்வகத்தில் சுற்ற அனுமதிக்கிறார்கள்? அதற்குப் பள்ளியின் சொந்த விதி என்ன?
* மாணவரைத் தனியாகப் பறக்கவிடும் முன், மற்ற விமானங்களைத் தேடிப் பார்ப்பதையும் ரேடியோ அறிவிப்பையும் தனியாகச் சோதிக்கிறார்களா?

பயிற்சியில் இருப்பவர்களுக்கு

* கிளம்பும் முன் அலைவரிசை சரியா, ஒலி அளவு குறைத்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரொம்பச் சாதாரணமான, ரொம்ப ஆபத்தான தவறு இது.
* முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். யார் யார் எங்கே என்று மனதில் படம் வரைந்துகொள்ளுங்கள்.
* உள்ளூர் தெரியாதவருக்கும் புரியும்படி இடத்தைச் சொல்லுங்கள். கருவி வழி இறங்குபவர்கள் பயன்படுத்தும் புள்ளிகளின் பெயர், புது மாணவருக்குப் புரியாது. "தெற்கே 5 மைல்" என்றால் எல்லோருக்கும் புரியும்.
* ஒருவர் தூரத்தைச் சொன்னால், அது என்ன விமானம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தூரத்தை நிமிடமாக மாற்றிப் பாருங்கள்.
* ஃபைனலுக்குத் திரும்பும் முன் இரண்டு பக்கமும் பாருங்கள். ரேடியோவில் யாரும் பேசவில்லை என்றாலும் பாருங்கள்.
* நம் பக்கம் முன்னுரிமை இருந்தாலும், சந்தேகம் இருந்தால் விட்டுக்கொடுங்கள். இன்னொரு சுற்றுக்குச் சில நிமிடம்தான் ஆகும்.

டவர் இருக்கும் இடத்தில் இரண்டு விமானங்களையும் சேர்த்துப் பார்க்க மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார். அவர் இல்லாத இடத்தில் அந்த வேலை ஒவ்வொரு பைலட்டுக்கும் வந்து சேர்கிறது. தன் விமானத்தை மட்டும் பார்த்தால் போதாது, அடுத்தவருக்கு நாம் எப்படித் தெரிகிறோம், நாம் சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். வாட்சன்வில்லில் இருவரும் பேசினார்கள். ஆனால் ஒருவர் சொன்ன மைலுக்கும் அவர் வந்த வேகத்துக்கும் நடுவில்தான் மூன்று உயிர்கள் போயின.